புதன்கிழமை வேதப்பாடத்தாருக்கும் உடன் நின்ற ஏனையோருக்கும் நன்றி மடல்

போதகர் ஐயா அவர்களுக்கும், புதன்கிழமை வேதப்பாடக் குழுவினருக்கும், என் பயிற்றுநருக்கும், பொரளை மைதானத்தில் ஆட்டக்காரரின் பை சுமக்கும் கெடிமாருக்கும் அன்பு வணக்கம்.

இவ்வாண்டுக் கோல்ப் போட்டிகள் நிறைவுற்றுக் கொழும்பு திரும்பியுள்ள இவ்வேளையில், உங்கள் எல்லோருக்கும் பொதுவில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

தொழில்முறை கோல்ப் போட்டி பெரும்பாலும் வியாழனன்று தொடங்கி ஞாயிறன்று முடிவடைவது. முதலிரு நாள்களில் 36 குழிகள் ஆடியபின் பின்தங்கியோர் விலக்கப்படுவர். வழமையாக அவர்களுக்குப் பரிசுப் பணமும் இல்லை. ஆகவே நன்றாக ஆடிய வாரங்களில் ஞாயிறு ஆராதனையை நான் இழந்தேன். மோசமாக ஆடிய வாரங்களில் ஆலயத்தில் அமர்ந்திருந்தேன். என்னைக் கண்டதுமே முடிவை ஊகித்துவிடும் நிலைக்குச் சபையார் வந்திருந்தார்கள் என்பதைச் சிரிப்புடனேயே நினைவுகூருகிறேன். இதனைக் கவனித்த போதகர் ஐயா, எவரும் கேளாமலே புதன்கிழமை மாலையில் ஒரு வேதப்பாடத்தைத் தொடங்கினார். அமெரிக்கச் சுற்றுப் போட்டிகளில் ஆடுவோரிடையே இத்தகைய வாராந்த வேதப்பாடம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. கோல்பின் முதன்மைப் போட்டிகளுள் ஒன்றான மாஸ்டர்ஸில் 1985 இல் பட்டம் வென்ற ஜெர்மனியரான பெர்ன்ஹார்ட் லாங்கர், அதற்கடுத்த வாரத்தில் அந்த வேதப்பாடத்துக்குச் சென்ற பின்னரே தம் விசுவாச வாழ்வு தொடங்கியதாகக் கூறிவருகிறார்.

அந்த லாங்கரைப் பற்றி நாம் உரையாடிய மாலைக்காக ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1991 இல் அமெரிக்காவின் கியாவா தீவில், ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதிய ரைடர் கிண்ணப் போட்டியின் இறுதிக் குழியில், ஏறத்தாழ ஆறடித் தூரத்திலிருந்து அவர் தட்டிய பந்து குழிக்குள் விழவில்லை. ஐரோப்பிய அணி கிண்ணத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. அடுத்த வாரமே அவர் ஜெர்மன் மாஸ்டர்ஸில் வென்றார். 1993 இல், உயிர்த்தெழுதல் ஞாயிறன்று, மாஸ்டர்ஸ் பட்டத்தை இரண்டாம் முறையும் பெற்றார். விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசே இவ்வெற்றிகள் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, ஐயா அதனை ஏற்கவில்லை. எதிரணியில் ஆடியவரும் ஜெபித்திருக்கலாமே என்று கேட்டார். நானும் அவ்வாறே கருதுகிறேன். பந்து குழிக்குள் விழவேண்டும் என்று ஜெபிப்பதை நான் விட்டுவிட்டேன். விழாவிட்டாலும் மறுநாள் விடியலில் பயிற்சிக்குச் செல்லும் மனத்தையே கேட்கிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஓட்டக்காரர் பெறும் கிரீடம் அழிந்துபோவது என்று சொல்லும் பகுதியை, தரவரிசையைப் பார்த்தே உறங்கப் போகும் என்னைப் போன்றவர் அடிக்கடி படிக்க வேண்டும்.

பயிற்றுநர் அவர்களே, நீங்கள் பௌத்தர். ஆயினும், கொழும்பில் நான் இருக்கும் ஞாயிறுகளில் ஆராதனை முடியும் வரை பயிற்சியைத் தள்ளிவைத்தீர்கள். தோற்று வந்த நாள்களிலும் புள்ளியைக் கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். அந்த ஒழுங்கு தலைகீழாக உள்ள இடங்களையும் இத்தொழிலில் கண்டிருக்கிறேன்.

1879 இல் தோன்றிய ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் பொரளை மைதானத்தை ஊடறுத்து களனிவெளி ரயில் பாதை செல்வதைப் பலர் அறிவர். அங்கு பை சுமக்கும் அண்ணன்மாரிடமே காற்றையும் புற்சாய்வையும் வாசிக்கக் கற்றேன். எரிபொருள் வரிசைகள் நீண்டு, இறக்குமதிப் பொருள்கள் எட்டாத விலைக்குப் போன 2022 இல், கண்டெடுத்த பந்துகளைக் கழுவி எனக்குத் தந்தவர்களும் அவர்களே.

என் முதல் மட்டைத் தொகுதியைத் தந்து, பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்ட சபை மூப்பர் ஐயாவுக்கு ஒரு செய்தி: பிடிகளை மாற்றி, அம்மட்டைகளை என்னிடம் பழகும் இரு சிறுவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். விரும்பினால் சனிக்கிழமை காலையில் வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சபைப் பிள்ளை,
கொழும்பு.