டால்மேஷியக் கடற்கரை: அரை நாளில் முடியும் ஊர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், ஒரு வார விடுமுறையில் ஐந்தரை நாளைக் கடலோர விடுதிக்கு ஒதுக்கிவிட்டு, ஸதார், ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக் ஆகிய மூன்று பழைய நகரங்களுக்கும் தலா அரை நாள் போதும் என்று கட்டுரையாளர் வகுத்துத் தந்திருக்கும் திட்டத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு சிறு திருத்தம். படத்தில் வெள்ளை மணலாகத் தெரிவது மணல் அல்ல, கூழாங்கல். சுண்ணாம்புப் பாறைகளால் ஆன அந்தக் கரையில் மணற்பரப்பு அபூர்வம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ரப்பர் காலணி இல்லாமல் இறங்குகிறவர்கள் முதல் நாளிலேயே பாடம் படித்துவிடுவார்கள். நான் படித்தேன்.

இனி நகரங்களுக்கு வருகிறேன். ஸ்ப்ளிட்டின் மையத்தில் இருப்பதைக் கட்டுரை ‘அரண்மனை இடிபாடு’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-ஆம் ஆண்டு பதவி துறந்தபின் வாழ்ந்த அந்த அரண்மனைக்குள், ஏழாம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் அழிந்தபோது தப்பி வந்தவர்கள் குடியேறினார்கள். அன்றிலிருந்து அது இடிபாடு அல்ல, ஊர். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்தப் பேரரசருக்கென்று எழுப்பிய சமாதி மண்டபமே இன்று அவ்வூரின் தலைமைத் தேவாலயமாக இருக்கிறது. நான் தங்கியிருந்த சந்தில், ரோமானியர் அடுக்கிய கற்சுவருக்குக் குறுக்கே கொடி கட்டி ஒரு வீட்டார் போர்வைகளை உலர்த்தியிருந்தார்கள். அதிகாலையில் விமானத்தைப் பிடிக்கப் புறப்படும் பயணிகளின் பெட்டிச் சக்கரங்கள் அந்தக் கல்தளத்தில் கடகடவென்று உருளும்போதெல்லாம், எதிர்மாடியில் ஒரு சன்னல் படாரென்று சாத்தப்படும். அந்தச் சத்தத்தை ஒருமுறையாவது கேட்டவர்கள் இந்த ஊர்களை அருங்காட்சியகம் என்று நினைக்க மாட்டார்கள்.

அரை நாள் வருகையால் மிகவும் அடிபட்டிருப்பது டுப்ரோவ்னிக். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீள மதிலுக்குள் அடங்கிய சிறிய நகரம் அது. காலையில் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே வாயிலில் நெருக்கியடித்து நுழைந்து, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே இருப்பதால், ஊருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நெரிசல்தான். மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருள் கடை வருகிறது; குடும்பம் இருந்த வீடு நாள் வாடகைக்குப் போகிறது. 1991-இல் சுமார் 5,000 பேர் வாழ்ந்த மதிலுக்குள் இன்று 2,000 பேர்கூட இல்லை. இத்தனைக்கும் அதே 1991-இன் இறுதியில், யூகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட போரில் நடந்த குண்டுவீச்சையும் தாங்கி மீண்டெழுந்த நகரம் அது. மதில்மேல் நின்று பார்த்தால், மங்கிப்போன பழைய ஓடுகளுக்கு நடுவே, போருக்குப் பின் வேய்ந்த ஓடுகள் செக்கச்செவேலென்று தனித்துத் தெரியும். 2019-இல் நகர நிர்வாகம் கப்பல் நிறுவனங்களோடு பேசி, நாளொன்றுக்கு இரண்டு கப்பல்கள், ஒரே நேரத்தில் 4,000 பயணிகள் என்று வரம்பு வகுத்தது. பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஊரே அடையாளம் கண்டு கட்டுப்படுத்த முயலும்போது, அதே அரை நாள் ஓட்டத்தை நம் வாசகர்களுக்கு நாம் பரிந்துரைப்பது முறையா?

என் கணக்கு வேறு. மே மாதமோ அக்டோபரோ போங்கள். கடலோர விடுதியில் இரண்டு இரவைக் குறைத்து அவற்றைப் பழைய நகரங்களில் கழியுங்கள். கப்பல்கள் கிளம்பியபின், மாலை ஏழு மணிக்கு மேல் பார்க்கும் டுப்ரோவ்னிக் வேறொரு ஊர். நீந்த வேண்டுமென்றாலும் விடுதிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மதிலை விட்டு வெளியே வந்தால் கடல்தான். கட்டுரை அடியோடு விட்டுவிட்ட ஷிபெனிக் என்ற கரையோர ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்குள்ள தேவாலயத்தின் வெளிச்சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் 71 மனிதத் தலைகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

கடைசியாக, ஸ்ப்ளிட்டிலிருந்து சாலை வழியாக டுப்ரோவ்னிக் செல்ல பாஸ்னியாவின் எல்லையை இருமுறை கடந்தாக வேண்டும் என்று கட்டுரை சொல்வது பழைய செய்தி. வெனிஸுக்கு அஞ்சிய டுப்ரோவ்னிக் குடியரசு, இடையே தடுப்பாக இருக்கட்டும் என்று 1699-இல் ஒட்டோமான் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்த கரைத்துண்டுதான் இன்று பாஸ்னியாவின் பகுதியாக இடையில் குறுக்கிடுகிறது. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. 2023 முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்துவிட்டதால், விசா பற்றிய பத்தியையும் மாற்றியாக வேண்டும். கோடைக்கு இப்போதே சீட்டு எடுப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், மற்ற கருத்துகளுக்கு இடமில்லாவிட்டாலும், கூழாங்கல், பாலம், விசா ஆகிய மூன்று திருத்தங்களையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்