சீதன வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு: கல்லடியிலிருந்து ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள சினேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் எனக்கு ஒரே சந்தோசம். இங்கே மாரி ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. வாவி இன்னும் நிரம்பித்தான் கிடக்கிறது. படுவான்கரையில் வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது. அண்ணன் இப்போதே அறுவடை மெஷின் பேசிவைக்க ஓடித் திரிகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் சாப்பாடு நன்றாக எடுக்கிறா.

நீ கேட்டதற்கு வருகிறேன். லண்டனில் உன் ஆங்கில வகுப்புக்கு வரும் நம்மூர்ப் பெண்கள் குசினி, விறாந்தை, படுக்கையறை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் சொல்கிறார்கள். ஆனால் ஹீட்டர் நின்றுபோனால், வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்கு ஒரு போன் எடுக்கத் தெரியாமல், புருசன் வேலை முடிந்து வரும்வரை போர்வைக்குள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "அங்கே என்னதான் படிப்பிக்கிறீர்கள்?" என்று, அங்கே வரப்போகிறவர்களுக்கு இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிற என்னைக் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி, கா. நானும் இதைப் பற்றி நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சை ஒரு காரணம். புருசனோடு சேர அங்கே வருகிறவள் ஏ1 என்ற ஆரம்ப மட்டத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்கவும் தெரியும் என்று காட்டினால் போதும். அதற்கான லைஃப் ஸ்கில்ஸ் என்ற பேச்சுப் பரீட்சையில் இரண்டு பேரைச் சேர்த்து இருத்தி, 16 முதல் 18 நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். வீடும் அதில் ஒரு தலைப்பு. என் வீட்டில் மூன்று அறை, முன்னால் மாமரம், எனக்குப் பிடித்த இடம் குசினி என்று நாலு வசனம் பாடமாக்கினால் அந்தத் தலைப்பைக் கடந்துவிடலாம். டியூசன்களில் அதைத்தான் பாடமாக்குகிறார்கள். பிள்ளைகளும் பாஸ் பண்ணி விமானம் ஏறிவிடுகிறார்கள்.

ஆனால் அதற்கும் அடியில் வேறொரு காரணம் இருக்கிறது, அதை நீயும் நானும்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பாள், மாப்பிள்ளை வந்து சேருவான். ஆரையம்பதியிலும் அப்படித்தான், காத்தான்குடியிலும் அப்படித்தான், கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் இதே நடைமுறைதான். அப்படி வளர்ந்தவள் வீட்டைப் பற்றி அந்நியனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள். வாடகை கேட்டதில்லை, அட்வான்ஸ் கொடுத்ததில்லை. பைப் உடைந்தால் வேலிக்கு மேலால் ஒரு சத்தம், பக்கத்து வளவில் இருக்கும் மாமா வந்து பார்ப்பார். கூரை ஒழுகினால் தம்பி மேசனைக் கூட்டிவருவான். பழுதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை, தமிழிலும்தான். தன் பெயரில் வீட்டு உறுதி வைத்திருந்தவள் லண்டனுக்கு வந்ததும், இன்னொருவனுடைய வீட்டின் மேல்மாடி அறையில், வாடகை அக்ரிமென்டில் பெயர்கூட இல்லாமல் இருக்கிறாள். அறைகளின் பெயர் தெரிந்து என்ன பயன்?

அதனால்தான் என் வகுப்பில் வீடு என்ற பாடத்தைப் பழுதிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாரியில் உங்கள் வீட்டில் என்ன கெட்டது என்று கேட்டால் வகுப்பே கலகலக்கும். ஒருத்திக்கு ஓடு நகர்ந்து ஒழுக்கு, ஒருத்திக்கு கிணற்று மோட்டார் நின்றுவிட்டது, எல்லோருக்கும் சுவரில் பங்கசு, அதுதான் பூஞ்சணம். தமிழில் எல்லாவற்றையும் கொட்டவிட்டு, மறுகா நாலு கேள்விக்குள் அடுக்கச் சொல்வேன்: என்ன பழுது, எங்கே, எப்போதிருந்து, எப்போது வந்து பார்ப்பீர்கள். "தேர் இஸ் மோல்ட் ஆன் த பெட்ரூம் வால். இட் ஸ்டார்ட்டட் இன் நவம்பர். மை சைல்ட் இஸ் கொஃபிங். வென் கேன் யூ கம்?" இலக்கணத்தில் சின்னப் பிழை விட்டால் நான் நிறுத்துவதில்லை. நாலாவது கேள்வியை விட்டுவிட்டால் மட்டும் திரும்பச் சொல்லவைப்பேன், ஏனென்றால் நம் பெண்கள் மூன்றோடு நின்று "சரி, தாங்க் யூ" என்று வைத்துவிடுகிறார்கள். எப்போது வருவீர்கள் என்று ஒருவரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்களுக்குப் படுகிறது.

இதை முகம் பார்த்துப் பழகினால் போதாது. இரண்டு கதிரையையும் முதுகோடு முதுகு வைத்துப் பேசவிடுகிறேன். தலையாட்டுவது போனில் கேட்காதே. கையும் கண்ணும் உதவிக்கு வராதபோதுதான் எந்தச் சொல் குறைகிறது என்று அவர்களுக்கே தெரிகிறது. வீட்டுக்காரனாக நடிக்கும் பிள்ளைக்கு, சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். போனை வைத்த பிறகு அதே நாலு வசனத்தை, படத்தோடும் திகதியோடும் எழுதி அனுப்ப வேண்டும். அதையும் வகுப்பிலேயே தங்கள் போனில் தட்டிப் பழகுகிறார்கள்.

ஏன் எழுத வேண்டும் என்பதற்கு அவாப் இஷாக் என்ற பிள்ளையின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் ரொச்டேலில், சூடானிலிருந்து வந்த குடும்பம். 2020 டிசம்பரில் இரண்டு வயதில் இறந்தான். வீட்டுப் பங்கசுக்குள்ளேயே நெடுநாள் இருந்ததுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் தீர்ப்பானது. தகப்பன் 2017இலேயே முறையிட்டவர், மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்களாம். வகுப்பில் எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். அவன் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு (கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடுபவை) நடைமுறையில் இருக்கிறது: அவசர ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் கவனிக்க வேண்டும், பாரதூரமான ஈரம், பங்கசு என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். அறிவித்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும் என்றேன். திகதி போடுவது ஏன் என்று அதற்குப் பிறகு ஒருத்தியும் கேட்கவில்லை. தனியார் வீடென்றாலும் கூரை, சுவர், தண்ணீர்க் குழாய், ஹீட்டர் எல்லாம் வீட்டுக்காரன் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்பதையும் கொப்பியில் எழுதவைத்தேன்.

எல்லாவற்றிலும் கடினம் வாசலில் பேசுவது. நம் வீட்டு கேற்றடியில் யாராவது நின்றால் "வாங்க, இருங்க" என்பதுதானே முதல் வார்த்தை, பிறகு தேத்தண்ணி. அங்கே வீட்டுக்காரன் பார்வையிட வருவதென்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று நீதான் எனக்கு எழுதினாய். அதை ஒரு வசனமாக்கினேன்: "ஐ டிட் நொட் கெட் எ நோட்டீஸ். ப்ளீஸ் கம் டுமோரோ." வசனம் சின்னது. சொல்லத்தான் வாய் வரவில்லை. வாழைச்சேனைப் பிள்ளை ஒருத்தி எத்தனை தரம் முயன்றும், கடைசியில் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறாள். தனியாக, கைக்குழந்தையோடு இருக்கப்போகிறவள். அவளுக்காகவே இந்தப் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பிலும் வைக்கிறேன். குரலை உயர்த்தாமல், கதவைப் பாதி திறந்தபடி, சிரிக்காமல் சொல்லச் சொல்கிறேன். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

காசுக் கணக்கில் கவலையில்லை, சீட்டுப் பிடித்த கைகள். வருட வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்தால் டிப்போசிட் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, வாங்கினால் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்றேன். மாதம் 1,500 பவுண் என்றால் கிழமைக்கு 346, ஐந்துக்கு 1,730 சொச்சம் என்று எனக்கு முன்னே சொல்லிவிட்டார்கள். இடறுவது காதில்தான். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றாகவே கேட்கின்றன. எந்தத் தொகையையும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்ரிமென்டில் பெயர் போடும் விசயத்தை உன்னிடம் விட்டுவிட மனமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டிக் கொடுத்த வீடுகள் உனக்கு நினைவிருக்கும். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயரைப் போட்டார்கள், தாய்வழியாக வந்த காணிகளுக்குப் பதிலாகக் கிடைத்த வீடுகள்கூடப் பல இடத்தில் புருசன் பெயருக்குப் போயின. அதற்காக மட்டக்களப்புப் பெண்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது கடல் கடந்தும் அதே கட்டம் வருகிறது. திருமணம் செய்தவளுக்கு அந்த வீட்டில் இருக்கும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் தருகிறது என்றாலும், ஏஜென்சி பேசுவது அக்ரிமென்டில் பெயர் உள்ளவரோடுதான். அதனால் "கேன் யூ புட் மை நேம் டூ?" என்ற வசனத்தை முதல் மாதத்திலேயே படிப்பிக்கிறேன். இதனால் வீட்டில் சண்டை வருமே என்று ஒரு தாய் என்னிடம் வந்தா. சீதன உறுதியை உங்கள் மகள் பெயரில் எழுதும்போது மாப்பிள்ளை சண்டைக்கு வந்தாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, படிப்பியுங்க டீச்சர் என்றா.

உன்னால் எனக்கு இரண்டு உதவி வேண்டும். வெற்று அக்ரிமென்ட் ஒன்றை, எல்லாப் பக்கமும் தெரியும்படி படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. இன்னொன்று, உன் கல்லூரியில் வேலை செய்யும் அந்நாட்டவர்கள் இரண்டு மூன்று பேரிடம், ஏஜென்சியில் பேசுவதுபோல் வேகமாகப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்து அனுப்பு. என் குரலையே கேட்டுப் பழகினால் இவர்களுக்கு அங்கே காது பிடிபடாது. மாசிக்குள் வந்தால் நல்லது, இந்தத் தொகுதியில் மூன்று பேருக்கு அதற்குள் விசா வந்துவிடும் போலிருக்கிறது. வாழைச்சேனைப் பிள்ளை லண்டனில் ஈஸ்ட்ஹாமுக்குத்தான் வருகிறாள். உன் இலக்கத்தைக் கொடுக்கட்டுமா என்று எழுது.

அன்புடன்,
உன் கல்லடிச் சினேகிதி