சாலையின் அகலமும் காட்டின் இழப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரேசிலில் மனாஸ், போர்ட்டோ வெல்யோ ஆகிய நகரங்களை இணைக்கும் பிஆர்-319 நெடுஞ்சாலை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஏற்கெனவே இருக்கும் சாலைக்குத் தார் போடுவதால் காட்டுக்குப் பெரிய இழப்பு நேராது என்ற வாதத்தை மறுப்பின்றி எடுத்துரைத்திருந்தது. அது பிழையான வாதம்.

1970-களில் ராணுவ ஆட்சியின்போது போடப்பட்டு, அடுத்த பத்தாண்டின் இறுதியில் கைவிடப்பட்ட அச்சாலையின் நடுவே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மழைக்காலத்தில் சேறாகிவிடும். மத்திய அமேசானுக்கு இதுநாள்வரை காவல் இருந்தது அந்தச் சேறுதான். தார் விழுந்ததும் என்ன நடக்கும் என்பதற்கு ரொண்டோனியா மாநிலமே சாட்சி. அங்கே பிஆர்-364 சாலை உலக வங்கியின் கடனுதவியுடன் 1984-இல் தார்ச்சாலையான பிறகு, அதிலிருந்து சீரான இடைவெளியில் கிளைச்சாலைகள் பிரிந்து, அவற்றின் ஓரமெல்லாம் காடு வெட்டப்பட்டு, செயற்கைக்கோள் படங்களில் மீன்முள் வடிவம் தெளிவாகத் தெரிந்தது. அமேசான் காடழிப்பில் சுமார் 95 விழுக்காடு, சாலைகளிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நிகழ்ந்திருப்பதாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வின்படி, அரசு போட்ட சாலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அனுமதியற்ற சாலை அங்கே உள்ளது.

எனவே, சாலையோரக் காடழிப்பைக் கணிக்கும் கணினி மாதிரி, நெடுஞ்சாலையை மட்டும் வரைபடத்தில் இட்டுத் தூரத்தை அளந்தால் போதாது; கிளைச்சாலைகள் ஆண்டுதோறும் எங்கே முளைக்கும் என்பதையும் அதுவே கணித்தாக வேண்டும். பிரேசில் ஆய்வாளர்களின் ‘டினாமிகா’ மென்பொருளில் அதற்கான வழி உண்டு. மாதிரியின் துல்லியத்தைச் சொல்லும் விதத்திலும் எச்சரிக்கை தேவை. பத்தாண்டில் ஒரு பகுதியின் காட்டில் 2 விழுக்காடு அழிந்தது என்று கொள்வோம். ‘எதுவுமே அழியாது’ என்று வரைந்த வரைபடம்கூட 98 விழுக்காடு சரியாகத்தான் இருக்கும்! மாறிய இடங்களை மாதிரி எந்த அளவுக்குச் சரியாகப் பிடித்தது என்றே கேட்க வேண்டும்.

போக்கு மாறாவிட்டால் 2050-க்குள் அமேசான் காட்டில் 40 விழுக்காடு மறையும் என்று 2006-இல் ஒரு மாதிரி கூறியதை இன்று எள்ளுவோர் உண்டு. மாதிரி ஜாதகம் அன்று. நிபந்தனையோடு கூடிய கணக்கு. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பிரேசில் அமேசானின் ஆண்டுக் காடழிப்பு 2012-இல் 5,000-க்கும் கீழே இறங்கியது என்றால், செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்பகங்கள், காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்ற வணிகர்களின் உடன்பாடு, காடழிப்போருக்கான கடன் கட்டுப்பாடு ஆகியவை அந்த நிபந்தனையை மாற்றின என்றே பொருள்.

பிஆர்-319-இன் இருமருங்கிலும் எந்தப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்படாத அரசுக் காடுகள், நம் ஊர் வழக்கில் புறம்போக்கு, ஏராளம். காட்டை வெட்டி, மாடு மேய்த்து, பின்னர் பட்டா கேட்போருக்கு ஏற்ற நிலம் அது. அச்சாலையிலிருந்து மேற்கே, பூருஸ் ஆற்றுக்கு அப்பாலுள்ள பெருங்காட்டுக்குள் செல்ல ஏஎம்-366 என்னும் மாநிலச் சாலையும் திட்டத்தில் உள்ளது. இவற்றைச் சேர்க்காமல் தார் விழும் பரப்பை மட்டும் கணக்கிட்டு இழப்பு சிறிது என்பது மதிப்பீடே ஆகாது. இவற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
தொலையுணர்வுத் துறை ஆய்வு மாணவி,
கோயம்புத்தூர்