ஆச்சி கறக்கும் பால் தென்னைக்குப் போகிறது

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரே நாய் ஒரே காலையில் இரண்டு பேரைக் கடித்தது. ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பையன். இன்னொன்று, எதிர்வீட்டு ஆச்சியின் கறவை மாடு. மாட்டையும் 'பேர்' கணக்கில் சேர்த்ததற்கு மன்னிக்கவும். ஆச்சி அப்படித்தான் சொல்வார்.

பையனின் காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டார்கள். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை. பஸ் ஏறி திருநெல்வேலிக்குப் போய்ப் போட்டு வந்தோம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

மாட்டுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் பாலை என்ன செய்வது? கால்நடை மருந்தகத்தில், கடித்த நாய்க்கு வெறி உண்டா என்று தெரியாமல் சொல்ல முடியாது என்றார்கள். சுகாதாரத் துறையில், மாடு எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நாயைப் பிடித்து 10 நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்குப் போனால், அதற்கு ஆள் இல்லையாம். நாயும் போன இடம் தெரியவில்லை. எந்தத் துறையில் மனுக் கொடுத்துவிட்டு அது கடித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நல்லது.

கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அதனால் ஆச்சி இரண்டு வேளையும் உட்கார்ந்து கறக்கிறார். செம்பு நுரைத்து நிறைந்ததும் எழுந்து போய்த் தென்னை மூட்டில் ஊற்றுகிறார். கன்றுக்குட்டி கட்டுத்தறியில் நின்று கத்துகிறது. வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார்கள்.

இத்தனை நாய் எங்கிருந்து வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. குளத்துக் கரையில் கிடக்கும் செத்த மாடுகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. முன்பெல்லாம் பாறுக் கழுகுகள் தின்று தீர்த்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, அந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் அரசு தடை போடுவதற்குள் நாட்டில் பெரும்பாலானவை போய்விட்டன. அவற்றின் பங்கையும் இப்போது நாய்தான் தின்கிறது. மிச்சம்மீதி மழையில் கரைந்து, குளம் மறுகால் பாய்ந்து, தாமிரபரணிக்குப் போகிறது. அந்த ஆற்றில்தான் உறைகிணறு போட்டு எல்லோருக்கும் குடிதண்ணீர் எடுக்கிறோம்.

கேட்பது இதுதான்: செத்த மாட்டைப் புதைக்க ஊருக்கு ஒரு இடம், தெருநாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது வெறிநோய்த் தடுப்பூசி, கடிபட்ட மனிதனையும் மாட்டையும் ஒரே இடத்தில் விசாரித்துப் பதில் சொல்ல ஒரு ஆள். நாயைக் கொல்லச் சொல்லவில்லை.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தபோது, பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் லாரிகள் வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போயின. மனசு வைத்தால் நடக்கிறது. செத்த மாட்டுக்கும் தீர்ப்பாயம்தான் வர வேண்டுமா? சரி, கோபத்தில் எழுதிவிட்டேன்.

திங்கள்கிழமை மனுவாக இதை இரண்டு முறை கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். அருள்கூர்ந்து சுகாதாரம், கால்நடை, உள்ளாட்சி மூவரையும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். முதல் கேள்வியாக, ஆச்சி பாலை விற்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குளத்தங்கரைத் தெருவாசி ஒருவன்