செயலாளரின் ஆண்டறிக்கை: பொலிஸ் சுற்றறிக்கைகளைக் கேட்டுப் பெறல்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வாசிகசாலைத் திருத்த வேலை, பொங்கல் விழாச் செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தன் அறிக்கையில் தருவார். இங்கே எமது தகவல் உரிமை உதவி மேசையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பொலிஸ் திணைக்களமும் அதற்குக் கட்டுப்பட்டது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை.

இவ்வாண்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்கியது கேள்வியில்தான். "என் முறைப்பாட்டை ஏன் எடுக்கவில்லை?" என்று எழுதினால் அது விளக்கம் கேட்பது. சட்டம் தருவது கையிலுள்ள ஆவணத்தையே. அதே விடயத்தை நாங்கள் இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தோம்: "முறைப்பாட்டைப் பதிவுசெய்தல், அதன் பிரதியை முறைப்பாட்டாளருக்கு வழங்கல் தொடர்பாக இன்று நடைமுறையிலுள்ள திணைக்களக் கட்டளைகள், பொலிஸ் மா அதிபரின் சுற்றறிக்கைகள் ஆகியவற்றின் பிரதிகள்." 1865 இன் பொலிஸ் கட்டளைச் சட்டத்தையோ 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையையோ இப்படிக் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம், அவை அச்சில் உள்ளவை. நிலையத்தின் அன்றாட நடைமுறை சுற்றறிக்கைகளில்தான் இருக்கிறது.

அடுத்த சிக்கல் நாட்கணக்கு. விண்ணப்பத்தைக் கையாளும் தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் உண்டு. போயாவும் பொங்கலும் சனி ஞாயிறும் இதில் சேரா. நாட்காட்டியைப் பார்த்துப் பதினைந்தாம் நாளே மேன்முறையீட்டுடன் ஓடினால் திருப்பி அனுப்புவார்கள். மறுப்பு வந்தபின், முதல் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் முத்திரைத் திகதி தெரியும் கடித உறையையும் எறிந்துவிடாதீர்கள். திகதித் தகராறில் கைகொடுப்பது அவைதான்.

மறுக்கும்போது அநேகமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5(1)(ஏ) பிரிவு காட்டப்படும், அதாவது குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பாரதூரமான பாதிப்பு என்பது. நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்கு அது பொருந்தலாம். முறைப்பாடு எழுதும் ஒழுங்குக்குப் பொருந்துவதாகச் சொல்வது எமக்கு ஏற்புடையதல்ல. மேன்முறையீட்டில் இரண்டு வரி சேருங்கள்: பொதுநலன் மேலோங்கினால் மறுக்கக்கூடாது என்கிறது 5(4), மறைக்க வேண்டிய பகுதியை நீக்கி மீதியைத் தர வேண்டும் என்கிறது 6 ஆம் பிரிவு.

ஓர் அலுவலகத்தின் பதில் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்ற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டுத் திருப்பி எழுதியுள்ளோம். தமிழ்க் கடிதம் இன்னும் வரவில்லை.

கிடைத்த சுற்றறிக்கைகளின் கோவை வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது. விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் மறைக்கப்பட்ட பிரதிகளே அதில் உள்ளன. மூலக் கடிதங்களை உரியவர்கள் செயலாளரிடம் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

செயலாளர்