ஃபோர்ட் டாட்ஜ்ல ஷூ குடுத்த அக்காவுக்கு

அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் ஸ்கூல் கிராஸ் கன்ட்ரி மீட் (புல்வெளி, மேடு பள்ளத்துல ஓடுற ஓட்டப் போட்டி), ரேஸுக்கு 20 நிமிஷம்தான் இருக்கு, காத்து வேற ஊசியா குத்துது, அப்பப் பாத்து எம் பொண்ணு ஸ்பைக் ஷூ அடி பிஞ்சு வாயப் பொளந்துருச்சு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வேற ஸ்கூல் ஜாக்கெட் போட்டிருந்த நீங்க ஒண்ணுமே கேக்காம உங்க பொண்ணோட ஸ்பேர் ஷூவ எடுத்து, ஈரப் புல்லுல உக்காந்து நீங்களே லேஸ் கட்டிவிட்டு "நல்லா ஓடும்மா"ன்னு தமிழ்ல சொன்னீங்க பாருங்க, அழுதுட்டேன்க்கா.

டீம்ல 7 பேர் ஓடினாலும் மொத 5 பேர் எத்தனாவதா வந்தாங்கங்கறதத்தான் டீம் ஸ்கோருக்குக் கூட்டுவாங்க, எங்க டீம்ல அந்த அஞ்சாவது ஆள் இவதான்! 5 கிலோமீட்டரும் உங்க ஷூலதான்.

முடிஞ்சதும் தேடினேன், கூட்டத்துல காணல. ஷூவக் கழுவி காய வச்சிருக்கேன். ரொம்ப ரொம்ப நன்றிக்கா, இதப் பாத்தா ஒரு மெசேஜ் போடுங்க.