கரும்பலகை ஓரத்தில் ஓர் இலக்கம்

ஆசிரியருக்கு,

சாதாரண தரப் பரீட்சையில் சறுக்கி, 'படிப்பு ஏறாதவர்' என்ற பெயரோடுதான் பலர் தொழிற்பயிற்சிக்கு வருகிறார்கள். மூதூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளையின் முதல் வெல்டிங் கோடு கோணினால் எல்லோர் முன்னும் ஏசக்கூடாது. ஏசினால் கை நடுங்கும். குச்சிக்கும் தகட்டுக்கும் 3 மில்லிமீற்றர் அளவில் நிற்கவேண்டிய இடைவெளி கூடி, தீப்பொறி சிதறி, ஒட்டு இன்னும் கெடும். பக்கத்தில் நின்று ஒரே ஒரு பிழையைக் காட்டி, உடனே மறுபடி ஒட்ட விடவேண்டும்.

தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) மதிப்பீட்டிலேயே 'தோல்வி' இல்லை. 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்பதுதான். அந்த 'இன்னும்' போதனாசிரியர் வாயிலும் வரவேண்டும்.

இரண்டு நாள் வராதவருக்குத் தொலைபேசி எடுத்து முதலில் சுகம் கேளுங்கள், காரணம் பிறகு. தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள். அதை அழிக்கவேண்டாம்.

தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.